பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை

கழிப்பறைக் கதவின் அகலத்தையும் தம் முதுகுப்பையின் அகலத்தையும் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் டோக்கன் அக்கா. பக்கவாட்டில் நுழைந்து பார்க்கிறார். பின்னோக்கி நுழைந்து பார்க்கிறார். பை உள்ளே போனால் ஆள் வெளியே, ஆள் உள்ளே போனால் பை வெளியே. "எந்தப் புண்ணியவான் கட்டினானோ! மூச்சை வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும் போல" என்று முணுமுணுத்துவிட்டு, அடக்கிக்கொண்டு, பேருந்து நிலையத்தின் இரும்பு இருக்கைக்கே திரும்பிவிடுகிறார்.

தனியாக வெளிநாடு சுற்றுகிறவர்களுக்கு மொழி தெரியாததே பெருங்குறை என்பார்கள். அக்கா அதை ஒப்புக்கொள்ளமாட்டார். மொழியைக் கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிடலாம். 'பையைக் கொஞ்சம் பாத்துக்கோ' என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததற்கு என்ன செய்வது? ஆகவே பயண நாட்களில் தண்ணீரை மருந்துபோல் வாய் நனைய மட்டுமே குடிக்கிறார்.

ஊரில் அவருக்கு வேலை, பெரிய ஜவுளிக்கடையொன்றின் வாசலில் வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது. கடையை அடைத்துவிட்டாலும், பைக்கு உரியவர் வராமல் வாசலை விட்டு நகரமாட்டார். ஐம்பதை எட்டும் வயது, மணமாகவில்லை. விடுப்பைச் சேர்த்து வைத்து, ஒற்றைப் பையுடன் கிளம்பிவிடுவார். இது மூன்றாவது பயணம் என்பது அவர் கூற்று. முதல் முறை, பாஸ்போர்ட் காலாவதியானது தெரிந்து விமான நிலையத்தோடு திரும்பியதையும் ஒரு பயணமாகக் கொள்ளலாமா என்பதில் அவருடைய தங்கைக்கு இன்றளவும் ஐயம் உண்டு.

இம்முறை ஈரக் காலுறைகளை விடுதியின் ஹீட்டர்மேல் காயப்போட்டுக் கருக்கினார். சரியான எண்ணுள்ள பேருந்தில் ஏறி நேர் எதிர்த்திசையில் வெகுதூரம் போனார். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து இறங்கத் தெரியாமல், கீழே படுத்திருந்தவள் விழிக்கும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுக்குப் பேர் டூரா? ஜெயில்லகூடக் கீழ படுக்க வெப்பாங்க."

கழிப்பறைக் கதவோடு மல்லாடிய அன்றுதான் ஊர் திரும்பும் நாள். விமான நிலையத்துக்கு எஞ்சியிருந்தது ஒரே பேருந்து. அது வருவதற்குச் சற்றுமுன், பக்கத்து இருக்கையிலிருந்த வெண்தாடிக்காரர் தம் பையைக் காட்டினார், கண்ணைக் காட்டினார், இரண்டு விரல்களை உயர்த்தினார். பழக்கதோஷம், அக்காவின் தலை தானாக ஆடிவிட்டது. தாடிக்காரர் போயே போய்விட்டார்.

பேருந்து வந்தது. எல்லாரும் ஏறினார்கள். தாடிக்காரரைக் காணோம். அக்கா தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அந்தாளு பையை அங்கயே போட்டுட்டு ஏறுக்கா!"

"எப்படிடி போட்டுட்டு ஏறுறது? பாத்துக்கறேன்னு தலையாட்டித் தொலைச்சிட்டேனே."

"டிக்கெட் குடுக்கறவன்கிட்ட குடு."

"குடுத்துப் பாத்தேன். பாம்பைப் பாக்கற மாதிரி பாக்கறான், வாங்க மாட்டேங்கறான்."

"பிளேன் போயிடும்க்கா. திங்கக்கிழமை நீ வரலைன்னா வேற ஆளை உக்கார வெச்சிடுவேன்னு மேனேஜர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாருடி, எனக்குத் தெரியாதா? ரெண்டு நிமிஷம்னு சொன்னவன் எவன்டி ரெண்டு நிமிஷத்துல வந்திருக்கான்! தெனம் பாக்கறேனே!"

ஓட்டுநர் ஒலியெழுப்பினார். அக்கா தம் பையை முதுகிலும் அடுத்தவர் பையை நெஞ்சிலுமாகச் சுமந்து சென்று, படியில் ஒரு காலை ஊன்றி நின்றார். ஓட்டுநர் கத்தினார்; அக்காவும் பதிலுக்குக் கத்தினார். கடைசியில் காலை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

பேருந்து திருப்பத்தில் மறைந்த பிறகு தாடிக்காரர் வந்தார். ஓடி அல்ல, சிந்திவிடக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்து. இரு கைகளிலும் காகிதக் கோப்பைகளில் தேநீர். ஒன்றைச் சிரித்த முகத்துடன் அக்காவிடம் நீட்டினார்.

"டீயா? டீ வாங்கவாய்யா போன? காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உயிரைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு டீயா? வேலை போச்சுய்யா! பிளேன் போச்சு!"

தாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார். அக்கா நன்றி கூறுகிறார் என்று எண்ணியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சிலிருந்த பையைத் தாடிக்காரரின் காலடியில் இறக்கினார். கோப்பைகளைப் பிடுங்கி இருக்கையில் வைத்தார். பிறகு தம் முதுகுப்பையைக் கழற்றி, அதன் வாரைத் தாடிக்காரரின் மணிக்கட்டில் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சும் போட்டுவிட்டு, கழிப்பறையை நோக்கி வெறுங்கையோடு நடந்தார்.