பெயர் சொல்லாத செண்பகமும் மூன்று சதவீத உப்புநீரும்

முதல் அறிகுறி, என் மனைவி செண்பகம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு "இந்தாங்க"தான் பெயர். அன்று ராஜபாளையத்து வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏலே ரெங்கமன்னாரு, தண்ணி கொண்டா" என்றாள். உடனே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். ஹைப்போநட்ரீமியா (ரத்தத்தில் சோடியம் குறைதல்) என்றார் இளம் டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையும் போட்டு, செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு உப்பையும் விட்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள். ரத்தம் நீர்த்தால் மூளையின் செல்கள் பாயசத்துத் திராட்சை மாதிரி உப்பிவிடுமாம்.

வழக்கமாக ஏற்றும் சலைன் ஐசோடானிக் (ரத்தத்துக்குச் சமமான செறிவு). இவளுக்கு ஏற்றியது ஹைபர்டானிக் (ரத்தத்தைவிடக் கூடிய செறிவு), மூன்று சதவீத உப்புநீர். செறிவை எப்படி அளப்பார்கள் என்று கேட்டேன். தயாரிக்கும் இடத்திலேயே, எந்தக் குளிரில் உறைகிறது என்று கருவியில் பார்ப்பார்களாம். உப்பு கூடக் கூட, உறைவதற்குக் கூடுதல் குளிர் வேண்டும். நீர்த்திருந்தால் உப்புச் சேர்த்துச் சரிசெய்வார்கள். யாரோ நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்ததை நான் வெளியே சொல்லவில்லை.

"மெதுவாத்தான் ஏத்தணும். சோடியம் வேகமா கூடினா மூளை நரம்பு கெட்டுப்போகும்" என்றார். அதன்பிறகு டிரிப்பில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டாக்டர் அவளிடம், "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்றார்.

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆண்டாளு பக்கத்துல நிக்கிறவிய பேருதான்."

"பேரைச் சொல்லுங்கம்மா."

"கோயிலுக்குப் போனா தெரியும்ல?"

ஆண்டாள் கோயில் ரெங்கமன்னாருக்கும் என் பெயர் என்பதால், அந்தச் சாமியைக்கூட அவள் "மாப்பிள்ளைச் சாமி" என்றுதான் கும்பிடுவாள். வெளியூர்க்கார டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? நர்ஸிடம் திரும்பி, "இன்னும் குழப்பம் தெளியல. இன்னொரு டோஸ் போடணும்" என்றார்.

"வேண்டாம்மா!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பேரைச் சொன்னாத்தான் அவளுக்கு நோவு. இப்ப தெளிஞ்சிட்டா. ரத்தத்தைப் பாத்துட்டுப் பொறவு போடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே ரத்தம் எடுக்கச் சொன்னார். சோடியம் போதுமான அளவு ஏறியிருந்தது. டிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திடீரென்று மாறிப் பேசினால், வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உடம்பை நான் இரும்பு என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் உப்பும் தண்ணீரும்தான் போலிருக்கிறது.

இப்போது மத்தியானத்தில் அவள் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கினால்கூட எனக்குப் பொழுது நகர்வதில்லை. நேற்றும் தோளைத் தட்டி எழுப்பிவிட்டேன்.

"தூங்கக்கூட விட மாட்டியளா? உங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று சீறினாள்.

"இல்லட்டி" என்றேன்.