வேட்டை விடுதியின் பின்படிக்கட்டு

எண்பதுகளின் நடுப்பகுதி. மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நகருக்கு ஒதுக்குப்புறமான இல்-பிசார் தீவில் ஒரு பழைய வேட்டை விடுதியில் தங்கி அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் தேவை என்று பங்குத்தந்தை சொன்னார். மனைவிக்கு அன்று தையல் தொழிற்சாலையில் வேலை. பிரெஞ்சு பேசத் தெரிந்த மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

சொந்தக்காரி வயதான பெண்மணி. தானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். விக்டோரியா மகாராணி காலத்தில் ஓர் ஆங்கில வியாபாரி, வாத்துச் சுடவும் மீன் பிடிக்கவும் வந்து தங்கக் கட்டியதாம். கீழே சாம்பல் நிறக் கல், மேலே மரம். பனி தங்காமல் வழுக்கி விழச் செங்குத்தான கூரை. அதன் விளிம்பெல்லாம் சரிகை போலச் செதுக்கிய பலகை. ஆற்றைப் பார்த்தபடி நீண்ட விறாந்தை. உள்ளே இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த கூடம், ஆள் நிற்கக்கூடிய கணப்பு, சுவரில் மான் தலைகள்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் வெளியே போகும் வழியைத்தான் முதலில் பார்ப்பேன். ஊரில் எங்கள் வீட்டு வளவுக்கு வாசல் என்று ஒரே படலை. அதில் ஆமிக்காரர் வந்து நின்ற அன்று, மகளை மதிலுக்கு மேலால் தூக்கி அடுத்த வளவுக்குள் போட்டேன். இந்த வீட்டிலோ, வேலைக்காரர் விருந்தினரின் கண்ணில் படாமல் நடமாடவென்றே தனிப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தருவதாகச் சொன்ன மாடி அறையிலிருந்து சுவருக்குள்ளாலேயே இறங்கினால் பக்கக் கதவு. அதற்கப்பால் மரங்கள். நான் ஏறி இறங்கிப் பார்த்தேன். பிறகும் ஒருமுறை பார்த்தேன்.

“அந்தக் கதவை உள்ளாலயும் பூட்டலாமோ எண்டு கேள்.”

மகள் கேட்டாள். பதிலில் ‘எக்கோல்’, ‘ஒட்டோபுஸ்’ என்று, பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்குமான சொற்கள் என் காதில் விழுந்தன.

“நான் கேட்டதைத்தான் கேட்டனியோ?”

“அதையும் கேட்டனான். பூட்டலாமாம். பஸ்ஸுக்குக் கனதூரம் நடக்கோணுமாம். குளிருக்க இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினமாம்.”

“நல்லதுதானே.”

“உங்களுக்கு.”

வகுப்பில் அப்போதுதான் அவளுக்கு ஒரு சினேகிதி கிடைத்திருந்தாள். இங்கே வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை விடவேண்டும். தெரிந்தும், அவள் பத்திரமாக இருந்தால் போதும் என்றிருந்தேன்.

பெண்மணி பக்கக் கதவின் சாவியை எடுக்கப் போனார். படிக்கட்டின் அடியில் ஒடுங்கிய அறை ஒன்று. சேற்றுச் சப்பாத்தோடு வருகிறவர்கள் கூடத்தை மிதிக்காதபடி, பக்கக் கதவை ஒட்டி அதைக் கட்டியிருந்தார்கள். சுவர் நீளத்துக்கு மரச்சட்டம். மேலே அரைவட்ட வெட்டுகள், கீழே நீள்பள்ளங்கள். எல்லாம் வெறுமை. மகள் ஒவ்வொரு வெட்டிலும் விரலை விட்டுக்கொண்டு நடந்தாள்.

“இதில ஹொக்கி மட்டையளோ அப்பா வைக்கிறவை?”

மேல் வெட்டில் துப்பாக்கிக் குழல், கீழ்ப் பள்ளத்தில் அடிக்கட்டை. அறை வாசலில் நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது.

“ஓம். அப்பிடித்தான் இருக்கும்.”

“பெரிய டீம் போல.”

துவக்குக்குப் பயந்து மதில் தாண்டிய பிள்ளை. அந்த வெற்றுச் சட்டத்தில் அவளுக்கு மட்டைகள் தெரிந்தன. துவக்குகள் எனக்கு மட்டும்தான் தெரிந்தன. அந்தப் படிக்கட்டும் எனக்குத்தான் தேவைப்பட்டது.

பெண்மணி சாவியோடு வந்தார்.

“நாங்கள் வரேல்லை எண்டு சொல்லு. தூரம் எண்டு சொல்லு,” என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பெண்மணி ஏதோ கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள். அவர் எனக்குக் கை தந்தார்.

வெளியே வந்து நடக்கும்போது கேட்டேன்: “என்னவாம்?”

“ஒரு கிழமை யோசிச்சுச் சொல்லச் சொன்னவ.”

“நீ என்ன சொன்னனி?”

“அப்பா யோசிச்சிட்டார் எண்டு சொன்னன்.”