கடைசிப் பக்கம் இல்லாத புத்தகமும் நாகர்கோவில் வாசகர்களும்

புத்தகக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க ஃபேன் காற்றில் உட்கார்ந்து கதை வாசிக்கலாம் என்று நினைக்கிறவர்களும், ஹோட்டலில் வேலை என்றால் நாள் முழுக்கப் பொரித்த மீன் தின்னலாம் என்று நினைக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். எந்தக் கடையிலாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் படிப்பு போதும் என்று சொல்லிவிட்டு, நாகர்கோவிலில் செல்வின் அண்ணன் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் புதுப் புத்தகம் விற்பனை. பின்பக்கம் வாடகைக்குக் கொடுக்கிற பழைய நாவல்கள். பின்பக்கம் என் பொறுப்பு. ஒருநாள் அண்ணன் சொன்னார்: "பின்னால ஒரு ஈ காக்கா வரல்ல. இந்த மாசமும் இப்பிடித்தான்னா அந்த எடத்த ஜூஸ் கடைக்கு உட்டுருவேன், கேட்டியா?" வீட்டில் அம்மா, வேலை போன மறுநாளே நர்சிங் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ரெடியாக இருந்தாள். எனக்கு ரத்தம் ஆகாது. வீட்டில் கோழி அறுக்கிற அன்று நான் அடுத்த தெருவில் நிற்பேன்.

அதனால் கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். ஊர்க்காரர்கள் இப்போது எந்தப் புத்தகத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு அதில் எழுத வேண்டியது. ஒருத்தருக்குப் பிடித்ததைப் பார்த்து இன்னொருத்தர் வந்து கேட்பார். யோசனை நல்ல யோசனைதான். ஆட்கள்தான் நம்ம ஆட்கள்.

முதல் கேள்வி

பலகையில் பெரிதாக "இப்போ என்ன படிக்கிறீங்க?" என்று எழுதிவிட்டு, கையில் சாக்பீசோடு நின்றேன். முதலில் வந்தது தலை நரைத்த ஒரு அண்ணன். சவுதியிலிருந்து லீவில் வந்தவர், மகளுக்குப் பேனா வாங்க வந்தார். நான் ஓடிப்போய், "அண்ணா, இப்போ என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப்போய்விட்டது.

"பத்தாங்கிளாஸ் தோத்து சவுதிக்குப் போனவன்கிட்ட கேக்கக்கூடிய கேள்வியா பிள்ளே இது?"

திருத்திய கேள்வி

சரி, "படிக்கிறீங்க" வேண்டாம் என்று அதை அழித்துவிட்டு "வாசிக்கிறீங்க" என்று மாற்றினேன். உடனே ஒரு மாமி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "வாற ஞாயித்துக்கிழம ஆராதனைல ரெண்டாம் பாடம் நானாக்கும் வாசிக்கேன். நல்லா பெருசா எழுது மக்கா. எங்க சபை ஆளுவ இந்த வழியாட்டுதான் போவும்." நான் எழுதி முடிக்கும் வரை நகரவில்லை. பெயருக்கு அடியில் கோடு போடவும் சொன்னார். அடுத்து ஒரு பையன். என்ன வாசிக்கிறீங்க என்றதும் "கீபோர்டு" என்றான். கல்யாண வீட்டுக்கும் வருவானாம், போன் நம்பரையும் எழுதச் சொன்னான். அவனுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர் ஒருத்தர்.

சாயங்காலம் செல்வின் அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"ஏட்டி, இது புக்கு கடையா, இல்ல கச்சேரி புக் பண்ணுற கடையா?"

தடிமனைப் பார்த்து எடுக்கிறவர்

தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற ஒரு மாமா வாரம் தவறாமல் வருவார். இருக்கிறதிலேயே தடிமனான நாவலாகப் பார்த்து எடுப்பார். மெல்லிசாக எதையாவது நீட்டினால் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. "இந்த மாசத்துச் சிறந்த வாசகர்" என்று அவர் பெயரைப் பலகையில் பூ வரைந்து எழுதினேன். எழுதிவிட்டு, போன வாரம் எடுத்த கதை எப்படி என்று கேட்டேன்.

"கதையா? சன்னல் வழியாட்டு பஸ்ல போட்டு சீட்டு புடிக்கதுக்கு மக்கா. துண்டப் போட்டா தூக்கிட்டுப் போயிருவானுவ. பொஸ்தகத்த ஒருத்தன் தொடணுமே!"

பெரிய வாசகர்

ஜிப்பா போட்ட ஒரு சார் வந்தார். உலகத்திலேயே பெரிய ரஷ்ய நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பதாகவும், இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை என்றும் வருத்தப்பட்டார். எந்த இடம் வரை வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷன் பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"ரெண்டு வருசமாட்டு முன்னுரைல நிக்கேன். முன்னுரை அவ்வளவு நல்லா இருக்கு."

கொன்னது யாரு?

மாசம் முடியப் போகிறது. ஜூஸ் கடைக்காரர் வந்து டேப் பிடித்துப் பின்பக்கத்தை அளந்துவிட்டுப் போனார். அம்மா நர்சிங் காலேஜ் பேரெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வந்தார். மாமியாருக்குத் துணையாக நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தவர், பொழுது போக ஒரு கொலை நாவல் எடுத்துப் போயிருந்தார். அட்டை போய்விட்ட புத்தகம். கதைக்குப் பேர் என்ன, எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. "செம புக்கு! போர்டுல எழுது, கொன்னது டாக்டரு" என்றார். பலகையில் முதன்முதலாக ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு கருத்து! சந்தோஷத்தில் அப்படியே எழுதிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வாட்ச் கடை தங்கராஜ் மாமா அதைப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போனார். அவரும் போன வருஷம் அதை வாசித்தவராம். "டாக்டரா? அவன் பாவப்பட்டவன்லா! கொன்னது செத்தவனுக்க தங்கச்சியாக்கும்" என்று விரலாலேயே டாக்டரை அழித்தார். ஸ்டெல்லா அக்கா விடுவாரா? "கண்ணாடி போட்டுட்டு வாசிச்சியளா, இல்ல கழத்தி வச்சிட்டா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்குப் போன ஆட்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலில் நிற்க வைத்து, "கொலையாளி வேறு யாருமில்லை, இதோ இங்கே நிற்கிற" என்கிறார். அதோடு சரி. கடைசிப் பக்கத்தைக் காணோம். ரெண்டு பேரும் அந்த இடத்தில் ஆளுக்கொரு கொலையாளியை மனசில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே ஏழெட்டுப் பேர் அந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுக்க வரிசையில் பேர் கொடுத்தார்கள். வாசித்துவிட்டு வந்தவர்கள் சமையல்காரன் என்றார்கள், டிரைவர் என்றார்கள். ஒருத்தர் செத்தவனே என்றார். ஒருத்தர்கூடப் பக்கம் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் தனக்குப் புரியவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்ற பயமாக இருக்கும். முறை வருகிற வரை வெறுங்கையோடு போவானேன் என்று வேறு நாவல்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பின்பக்க அலமாரியில் இடைவெளி விழுந்ததை அப்போதுதான் பார்க்கிறேன்.

செல்வின் அண்ணனும் ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் உம்மென்று வந்தார். சரி, நர்சிங்தான் என்று நான் துணிந்துவிட்டேன். அவரோ நேராக ஜூஸ் கடைக்காரருக்குப் போன் போட்டு, இடம் இப்போ இல்லை என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, வேற எந்த புக்குலயாவது கடைசிப் பக்கம் ஆடிட்டு நிக்குதாண்ணு பாரு."

ஊரில் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க அறிஞர்கள் கூடி யோசித்துக் கஷ்டப்பட வேண்டாம், கடையில் இருக்கிற பசை டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தால் போதும்.