அத்தையின் இரண்டாவது போன்

என் அத்தைக்குப் பாராட்ட வராது. நான் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மா அழுதாள். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அத்தை மட்டும் நான் போட்டிருந்த கறுப்பு அங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, “வாடகைக்கு எடுத்ததா? ஒழுங்கா இஸ்திரி கூடப் போடாம குடுத்திருக்கான் பாரு” என்றாள். அதுதான் வாழ்த்து. அதற்குமேல் எதிர்பார்த்தால் அது நம் தப்பு.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. உயரமான அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறாள். உள்ளே நுழைந்தால் முகத்தில் நீராவி அடிக்கும். தலைக்கு மேல் கம்பியில் கோட்டுகளும் சட்டைகளும் எண் சீட்டுக் குத்திக்கொண்டு தொங்கும். அந்த நீராவிக்காகவோ அவள் கோபத்துக்காகவோ, சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ‘ஸ்டீம் அக்கா’ என்று பெயர். கறை போகாது என்றால் முகத்துக்கு நேரே போகாது என்பாள். “காசை வாங்கிட்டு ரெண்டு நாள் கழிச்சுக் கையை விரிக்க மாட்டேன். இப்பவே எடுத்துட்டுப் போங்க.” முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்கள் அடுத்த வாரம் வேறு துணியோடு திரும்பி வருவார்கள். அவள் ஒரு துணியை வாங்கிக்கொண்டாள் என்றாலே அது தேறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பாராட்டு அவளிடம் இப்படி வற்றிப் போனதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கிருந்து விலகும்போது மேனேஜர் ஒரு சான்றிதழ் கொடுத்தார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், யாரோடும் இணைந்து பணியாற்றக்கூடியவர். அத்தை பூரித்துப்போய் அதை எடுத்துக்கொண்டு வேறு ஓட்டலுக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே இருந்தவர் அதைப் படித்துவிட்டு “சரி” என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து அதே மேனேஜர் கொடுத்த இன்னும் சில சான்றிதழ்களை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே வரிகள், பெயர் மட்டும் வேறு. அதில் ஒருத்தி வேலைக்கே வராமல் சம்பளம் வாங்கியவள் என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும். அவமானத்தில் வெளியே வந்தவள், எல்லாருக்கும் கொடுக்கிற பாராட்டு யாருக்கும் உதவாது என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்குப் பூட்டிய வாய்.

இந்த வாய்தான் எனக்கு வேலை வாங்கித் தரவேண்டும் என்று ஒரு நிலைமை வந்தது.

பட்டம் வாங்கிப் பல மாதம் ஆகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. போகிற இடமெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒரு இடத்தில் திருப்பிக் கேட்டேன், அதோடு சரி. சும்மா இருக்கிற நேரத்தில் அத்தை கடைக் கவுன்டரில் நின்றேன். பக்கத்துக் கட்டடங்களுக்கு இன்டர்வியூவுக்கு வரும் என் வயதுப் பிள்ளைகள் சட்டையை அவசரமாகத் தேய்த்துத் தரச் சொல்லி ஓடி வருவார்கள். அவர்கள் சட்டைக்குச் சீட்டுக் குத்தும்போது என் வயிறு எரியும்.

ஒருவழியாக, ஆஸ்பத்திரிகளுக்குக் கருவிகள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்றுவரை போனேன். ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. அவர்கள் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்றுதான். நான் யாரிடம் வேலை பார்த்தேனோ அவரிடம் போனில் பேச வேண்டும். நான் வேலை பார்த்த ஒரே முதலாளி ஸ்டீம் அக்கா.

“தொலைஞ்சோம்” என்றார் அப்பா.

அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வேலை தேடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லும் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பார். கை எப்படிக் குலுக்குவது, குறை என்ன என்று கேட்டால் அதையும் நிறையாக எப்படிச் சொல்வது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். அன்று சாயங்காலமே கடைக்கு வந்து, பில் புத்தகத்தின் ஒரு தாளைக் கிழித்து, அத்தை பேசவேண்டியதை எழுதினார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு ஒத்திகை.

“ஹலோ, உங்ககிட்ட வேலை பாத்த பொண்ணைப் பத்திச் சொல்லுங்க.”

அத்தை தாளைத் தூரப் பிடித்துப் படித்தாள். “தலைமைப் பண்பு... என்னடா இது? கடையில இருக்கிறதே மூணு பேரு. இதுல இவ யாருக்குத் தலைவி?”

“அக்கா, எழுதினதை மட்டும் படி. அப்புறம், சொந்தக்காரின்னு மூச்சு விட்டுடாதே.”

“சொந்தக்காரிதானேடா?”

“உன் தம்பி பொண்ணோட வாழ்க்கை, அக்கா!” அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். அத்தையின் இரண்டு கையிலும் ஈரத் துணி. போனைக் கவுன்டர்மேல் வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்துப் பிரித்து, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

“நல்ல பொண்ணு. கடின உழைப்பாளி. தலைமைப் பண்பு உள்ளவர்.”

“குறைன்னு ஏதாவது?”

“ஒரு குறையும் இல்ல. ரொம்ப அதிகமா உழைப்பா, அதான் குறை.”

“சரி. ரொம்ப நன்றிங்க.” போன் வைக்கப்பட்டுவிட்டது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தையைக் கட்டிப்பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் முகமோ சரியில்லை. ஒரே சட்டைக்கு இரண்டு சீட்டுக் குத்தினாள். வந்த வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுந்தாள். கடைசியில் ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

“அவங்க சரின்னு சொன்னாங்களே, கேட்டியா? அந்தச் சரி எனக்குத் தெரியும்டி. நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட அவங்க நம்பல. நம்பரைப் போடு.”

“வேணாம் அத்தை. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நல்லாத்தானே முடிஞ்சுது? இனிமே எனக்கு வேற இடம் கிடைக்காது அத்தை.” போனை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

அவள் கையை நீட்டியபடி நின்றாள். “நான் பொய் சொன்னா நாறிப் போகுதுடி. எனக்குப் பழக்கமில்ல. குடு.”

கொடுத்தேன். அவளிடமிருந்து தப்பித்து எங்கே போவது? போன் மறுபடி ஸ்பீக்கரில் ஒலித்தது.

“சலவைக் கடையிலேர்ந்து பேசறேன். காலையில நான் சொன்னது எங்க தம்பி எழுதிக் குடுத்தது. இப்ப நானே சொல்றேன், கேட்டுக்குங்க. அவ என் தம்பி பொண்ணுதான். காலையில நேரத்துக்கு வர மாட்டா. தினமும் லேட்டு, தினமும் ஒரு காரணம். எதைச் சொன்னாலும் ஏன் ஏன்னு கேட்டு உயிரை வாங்குவா. வாடிக்கையாளர் மரியாதை இல்லாமப் பேசினா இவளும் பேசிடுவா.”

முடிந்தது கதை என்று நான் கோட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். அந்த நிமிடம் அவளை அவ்வளவு வெறுத்தேன்.

“எங்க இஸ்திரிக்காரர் ஒரு நாள் ஒருத்தர் கோட்டைப் பொசுக்கிட்டாரு. வயசானவரு, பயந்துட்டாரு. இந்தப் பொண்ணு என்ன பண்ணா தெரியுமா? அந்தக் கோட்டுக்காரர் வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி, எங்க கடையில தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லிட்டா. அந்த ஆள் கத்து கத்துன்னு கத்தினாரு. திருப்பிப் பேசாம கேட்டுக்கிட்டா. யாரு பண்ணதுன்னு அவர்கிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்.”

அத்தைக்கு அது தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடம், “அப்ப நாங்க எடுத்துக்கலாம்னு சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“அது உங்க இஷ்டம். வேணாம்னா இன்னிக்கே சொல்லிடுங்க, நான் வெச்சுக்கறேன். இவ திரும்பி வந்தா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. போனாத்தான் கஷ்டம்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நீராவி இயந்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக ஓடவிட்டாள். நான் யாருடைய கோட்டிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இந்த வேலை கிடைக்காமலே போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பல மாதமாக, போக இடமில்லாமல் வந்து நிற்கிறவள் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் எழுதிக் கொடுத்த வரிகள் எப்படி வேலை செய்தன என்று ஆபீசில் எல்லாருக்கும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே மாதிரி ஒரு தாள் எழுதிக் கொடுத்தார் என்று கேள்வி. இரண்டாவது போனைப் பற்றி அத்தையும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

திங்கட்கிழமை காலை போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டினேன். கவுன்டரில் நான் நிற்கிற இடத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னும் இங்க என்னடி நிக்கறே? தினமும் லேட்டா வருவான்னு அந்தம்மாகிட்ட என் வாயால சொல்லி வெச்சிருக்கேன்.”

“தெரியும் அத்தை. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“இந்தத் தெருவுல இதுவரைக்கும் நான் பொய் சொன்னேன்னு ஒருத்தர் சொன்னதில்ல” என்று என்னை வாசல் பக்கம் தள்ளினாள். “ஓடு. சீக்கிரம் போய் என்னைப் பொய்க்காரி ஆக்கு.”