எழுத அனுமதி இல்லை

ஞானசெல்வி கீபோர்டைத் தட்டிக்கொண்டே முணுமுணுக்கிறாள்: "பாக்க நாலு, எழுத ரெண்டு, ஓட்ட ஒண்ணு." போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை. பின்னறையில் இரையும் பழைய கம்ப்யூட்டர்தான் கடையின் சர்வர். சல்லடை போடும் சின்னக்கருப்பு காயின் அளவைப் பதிந்தால், கடை வைஃபையில் இருக்கும் வியாபாரிகளின் செல்போனில் அது தெரியும்; காய் பெருத்தால் விலையும் கூடும். எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எந்தப் புரோகிராமை யார் ஓட்டலாம் என்று எண் போட்டுப் பூட்டுவது அவள் வேலை. காலை டீ வருவதற்குள் எல்லாப் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவாள்.

இந்தப் பழக்கம் சாப்பாட்டுக்கும் தொற்றிவிட்டது. மதியம் மீன் குழம்பை எட்டிப் பார்க்கும் சின்னக்கருப்பிடம், "உங்களுக்கு நாலு மட்டுந்தாண்ணே" என்பாள். அவரும் பார்த்துவிட்டுப் போவார்.

முதலாளி தங்கபாண்டிக்கும் நாலுதான். அது அவருக்கு ஆறாத புண்.

"ஏம்மா, எங் கடையில எனக்கே எழுத அனுமதி இல்லயா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாக."

"பாக்க அனுமதி இருக்குல்ல அண்ணாச்சி. நல்லாப் பாருங்க."

நல்ல மனுஷர், சொந்தக்காரர் என்றால் உருகிவிடுவார். அதுதான் வில்லங்கம். ஒருமுறை நச்சரிப்புத் தாங்காமல், நாலையும் ரெண்டையும் ஒன்றையும் கூட்டி எல்லாருக்கும் ஏழு ஏழு ஏழு என்று திறந்துவிட்டாள். அன்று பிற்பகலே அவருடைய மச்சானின் ஆறு மில்லிமீட்டர் காய் திரையில் எட்டாக விளைந்திருந்தது. மூட்டையைப் பிரித்த வியாபாரிகள் காயைப் பார்த்தார்கள், செல்போனைப் பார்த்தார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "மச்சான் ஆசையாக் கேட்டாக, மனசு கேக்கல" என்றார் தங்கபாண்டி. வியாபாரிகளைத் திரும்ப வரவழைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இன்னொரு தடவை நடந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

இன்று வந்திருப்பது ஞானசெல்வியின் அப்பா இம்மானுவேலின் மூட்டை. மழை ஏமாற்றியதில் காய் சிறுத்துக் கிடக்கிறது. சின்னக்கருப்பு சலித்துப் பார்த்து ஆறு என்று பதிந்துவிட்டார்.

"எட்டெல்லாம் வேணாம் ஆத்தா. ஏழுன்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் அப்பா, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.

எதையும் திருத்தக்கூடிய பாஸ்வேர்டு அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. போதாததற்குத் தங்கபாண்டி வேறு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்பாதானம்மா, போடு" என்கிறார்.

ஞானசெல்வி தட்டுகிறாள். காய் அளவுக் கோப்பில் எழுதக்கூடியவர்களிலிருந்து தன் பெயரையே எடுத்துவிடுகிறாள். எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்கவும் தனக்குத் தெரியுமே என்று ஒரு கணம் யோசிக்கிறாள். பிறகு ஒயரைப் பிடுங்கி, கீபோர்டைச் சுற்றிச் சுருட்டி, அதைத் தங்கபாண்டியின் மடியில் வைக்கிறாள்.