மேல்தட்டுக் கூறைச்சேலை

கண்டிக் கடைத்தெருவில் இருக்கும் அந்தப் புடவைக் கடையில், இரவு விளக்கை அணைக்கும் வரை விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் இல்லை. முதலாளிக்கு மட்டும்தான் கதிரை இருந்தது, அவ்வளவுதான். ராஜகுமாரி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் அங்கே வந்து நின்றவள். இப்போது நாற்பத்தொன்பது. ஆயுளில் பாதிக்கு மேல் நின்றே தீர்த்துவிட்டாள்.

காலையில் முதல் சேலையை அவள் கையால்தான் விற்க வேண்டும். கைராசிக்காரி என்று முதலாளிக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவளும் நம்பினாள், பாவம்.

வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணியில் ஏறக் கூடாது, இடையிடையே உட்கார வேண்டும் என்று நான்கு மாதத்துக்கு முன்பே டொக்டர் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துக் கைப்பையில் ஒளித்தாள். இடுப்பு வலி என்று வாய்விட்டுச் சொன்ன, கூட வேலை பார்த்த ஜெயராணியை ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிய முதலாளி, மூன்று வருஷமாகியும் கூப்பிடவில்லை. ராஜகுமாரியின் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே மேல்தட்டில் அடுக்கியிருக்கும் கல்யாணக் கூறைச்சேலையை யாராவது கேட்டால் கஜனிதான் ஏணியில் ஏறுவாள். நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் புது விற்பனைப் பெண், இருபத்தொரு வயது. "நீங்க நில்லுங்கக்கா, நா எடுக்கிறேன்" என்று மளமளவென ஏறிவிடுவாள். சின்ன வயசு, அவளுக்கு என்ன வலிக்கப் போகிறது என்று ராஜகுமாரி மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் கஜனி பின்னறையில் துணிப்பொதி மேல் குப்புறக் கிடந்தாள்.

"என்னாடி?"

"முதுகு சவ்வு வெலகிருச்சாம். பொதி தூக்கி, ஏணி ஏறித்தானாம். டொக்டர் துண்டு குடுத்திருக்காரு. முதலாளிகிட்ட சொல்லிராதீங்கக்கா. நா இன்னும் நிரந்தரமாகல."

ராஜகுமாரிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. என் காலைக் காப்பாற்ற இந்தப் பிள்ளையின் முதுகை அல்லவா ஒடித்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

கஜனியின் துண்டைக் காட்ட முடியாது. தன்னுடையதைக் காட்டலாமே. இருபத்தேழு வருஷம் உழைத்தவள் கேட்டால் கூறைச்சேலைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றமாட்டாரா என்ன? இரண்டு பேருமே தப்பித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை துண்டை முதலாளியின் மேசையில் வைத்தாள். "கூறைச்சேலைய கீழ எறக்கி வச்சிட்டா யாருமே ஏறத் தேவையில்லைங்க முதலாளி."

அவர் இரண்டு தடவை வாசித்தார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வயசானா இப்படித்தான் ராஜகுமாரி. ஒரு மாசம் வீட்ல ஓய்வெடுங்க."

"அப்ப மேல யாருங்க ஏறுறது?"

"கஜனி இருக்காளே. சின்னப் புள்ள, ஒண்ணும் ஆகாது. மொத யாவாரத்தையும் இனி அவளே பாக்கட்டும்."

அந்நேரம் அன்றைய முதல் வாடிக்கையாளர் கூறைச்சேலை கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். முதலாளி கஜனியைக் கூப்பிட்டார். ராஜகுமாரி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கஜனி தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

ராஜகுமாரி கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.