முன்வரிசைத் தூண்

தன் பெயரைத் தானே எழுதிப் பார்ப்பதில் இன்னாசிமுத்துவுக்கு அப்படியொரு ஆசை. ஸ்கூட்டரின் முன்னால், பின்னால், குடைக் கைப்பிடியில், கம்பெனித் தண்ணீர் டிரம்மில், எங்கே திரும்பினாலும் இன்னாசிமுத்து. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்பூர் வீரபாண்டியில் ஒரு தகரக் கூரை, அதற்குள் பனியன் தைக்கிற நாலு ஓவர்லாக் மிஷின், பெரிய கம்பெனிகள் பார்த்துப் போடுகிற ஜாப் ஒர்க், அவ்வளவுதான். போர்டு மட்டும் கூரையைவிட நீளம்.

இந்த வியாதிக்கு ஒரு ஆரம்பம் உண்டு. சிவகங்கைப் பக்கம் அவருடைய ஊரில், திருவிழாச் சப்பரத்துக்கு யார் எங்கே தோள் கொடுப்பது என்று சொல்கிறவர் மாமனார் மிக்கேல். கல்யாணமான வருஷம் புது மாப்பிள்ளை மிடுக்காக முன்தோளுக்குப் போய் நின்றார். "முன்னாடி நிக்க ஒனக்கு என்னப்பா இருக்கு? பின்னாடி போ" என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டார் மாமனார். அந்த அவமானத்தோடு எண்பத்திரண்டில் திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்தான் இன்னாசிமுத்து. எடுபிடியாகச் சேர்ந்து, டெய்லராகி, காண்ட்ராக்டராகி, கடைசியில் முதலாளி என்றும் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்தப் 'பின்னாடி போ' நெஞ்சில் ஆறவே இல்லை. மாமனார் தன்னை ஒரு தடவையாவது முன்னால் பார்க்க வேண்டும். அதற்காகச் சாமியை மறைத்துக்கொண்டு நிற்கவும் அவர் தயார்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அப்போது அந்தப் பக்கம் கோயில் கிடையாது. சேக் தாவூது என்ற வேஸ்ட் பனியன் வியாபாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் குடோனைத் திறந்துவிடுவார். மூட்டைகளுக்கு நடுவில் பூசை நடக்கும். எண்பத்தெட்டில் புதுக் கோயிலுக்குக் கமிட்டி போட்டார்கள். செயலாளர் யார் என்று கேட்கவும் வேண்டுமா?

இன்ஜினியர் வெள்ளியங்கிரி உள்ளூர்க்காரர், வேலை தெரிந்தவர். வரைபடத்தை விரித்துவைத்துச் சொன்னார்: "ஏனுங்க, நடுவுல தூணே கெடையாதுங்க. இரும்புச் சட்டத்துல கூரையத் தூக்கி நிறுத்தீரலாமுங்க. கடைசீல உக்காந்திருக்கிற அம்மாவுக்கும் பீடம் தெரியோணுமுங்க."

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. செயலாளருக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது.

"தூணு இல்லைன்னா உபயதாரர் பேர எங்க சார் வெட்டுறது?"

"அட, அதானே!" என்றது கமிட்டி. மூளை என்று ஒன்று அந்தக் கமிட்டிக்கு இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

தூணுக்கு ஒரு உபயதாரர், அவர் பெயருக்கு ஒரு கருங்கல் பலகை என்று அறிவித்ததும் வசூல் பிய்த்துக்கொண்டு போனது. அதை மறுக்க முடியாது. சாயப்பட்டறைக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் ஓடி வந்தார்கள். மின்விசிறி தருவதாகச் சொல்லியிருந்த ஒரு புண்ணியவான், ஓடும்போது இறக்கையில் பேர் தெரியாதே என்று மனசு மாறித் தூணுக்கு வந்து சேர்ந்தார். வந்த அத்தனை பேரும் முன்வரிசைத் தூண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பின்னால் நிற்க ஒரு ஆள் சம்மதிக்க வேண்டுமே! ம்ஹூம்.

"இது கோயிலுங்களா, சோளக்காடுங்களா?" என்று வெள்ளியங்கிரி தலையில் அடித்துக்கொண்டார். "கட்டச் சொன்னாக் கட்டறனுங்க. பொறகு என்னையப் பேசப்படாது." பங்குச் சாமியாரோ மூட்டைகளுக்கு நடுவில் பூசை வைத்து அலுத்துப்போன மனுஷர். சுவர் எழும்பினால் போதும் என்று தலையாட்டிவிட்டார்.

பீடத்தின் நேர் எதிரே வரப்போகிற முதல் தூணைச் செயலாளர் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டார்.

"சாமி தெரியணும்னு கோயில் கட்டுறீகளா, ஒங்க பேரு தெரியணும்னா?" என்று கேட்டாள் மனைவி சவேரியம்மாள்.

"ஒங்கய்யா வந்து வாசிக்கட்டும்டி. அப்பறம் பேசு."

அவளுடைய கழுத்துச் சங்கிலியும் அந்தத் தூணுக்குள்தான் போய்ச் சேர்ந்தது. வயிறு எரிந்துகொண்டேதான் கழற்றிக் கொடுத்தாள்.

தொண்ணூற்றொன்றில் கோயில் அர்ச்சிப்பு, அதாவது மந்திரித்துத் திறக்கிற விழா. பிஷப் ஆயர் வந்தார், பேண்டு வாத்தியம் வந்தது, ஊரிலிருந்து மிக்கேலும் வந்தார். பெயர்ப் பலகைகளைப் பனியன் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பூசை முடிந்ததும் அவரவர் துணியை அவரவரே எடுப்பதாக ஏற்பாடு. இன்னாசிமுத்து மாமனாரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்த் தன் தூணுக்கு நேர் பின்னால் உட்காரவைத்தார். துணி விலகினால் கண்ணில் படும் முதல் எழுத்து தன் பெயராக இருக்க வேண்டுமாம். என்ன முன்யோசனை!

பூசை தொடங்கியது. கிழவர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார், ஒரு சாயப்பட்டறைக்காரரின் தூண். வலப்பக்கம் எட்டிப் பார்த்தார், மின்விசிறிப் புண்ணியவானின் தூண். நேரே மாப்பிள்ளையின் தூண். பூசையின் உச்சமான எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது, முழங்காலிட்டிருந்தவர் தவித்துப்போய் எழுந்தே நின்றுவிட்டார். அப்போதும் ஆயர் உயர்த்திய அப்பம் தெரியவில்லை. வயசான மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்தது. உபயதாரர்கள் துணியை எடுக்கலாம் என்று சாமியார் மைக்கில் சொன்னார். சுற்றிலும் கைதட்டல். இன்னாசிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூணருகில் போய்த் துணியில் கை வைத்தார்.

"மாப்ள!" கிழவரின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "இனி எந்தக் காலத்துல நான் ஒரு அர்ச்சிப்புப் பூசை பாக்கப்போறேன்? எழுந்தேத்தத்தக்கூடப் பாக்கவிடாமப் பண்ணிருச்சே இந்தத் தூணு! இத இங்க கொண்டாந்து நட்ட கூறுகெட்ட பய எவன்?"

கைதட்டல் ஒவ்வொரு பக்கமாக நின்றது. சரசரவென்று ஜனம் இங்கே திரும்பியது. இன்னாசிமுத்து துணியிலிருந்து கையை எடுத்தார். பலகையை மறைத்து முதுகைச் சாய்த்துக்கொண்டார். 

"இன்ஜினியரு, மாமா" என்றார்.

சவேரியம்மாள் எழுந்து வந்தாள். வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இந்தாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்கய்யா வாசிக்கட்டும்" என்று சொல்லித் துணியை உருவி எடுத்தாள்.

மிக்கேல் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதையும் உரக்கத்தான் வாசிப்பார்.